பனி விலகும் மாதங்களில் டிரவுட்: கொலராடோ மலை ஆறுகளிலும் ஏரிகளிலும் ஃப்ளை தூண்டில் போட முழு வழிகாட்டி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மார்ச் தொடங்கி மே நடுவு வரைக்குமான காலத்தைப் பலர் வீணாக்கிவிடுகிறார்கள். காலண்டர் வசந்தம் என்று சொல்லும். சாலிடா ஊரில் காலையில் எழுந்தால் கார் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்ட வேண்டியிருக்கும். ஜூன் வரட்டும் என்று தூண்டில்காரர்கள் காத்திருப்பார்கள். ஆனால் ஜூனில் மலை முழுவதும் உருகி ஆற்றில் இறங்கியிருக்கும், தண்ணீர் பழுப்பாக, நிற்க முடியாத வேகத்தில் ஓடும். அதற்கு முந்தைய இந்த இரண்டரை மாதங்களில் ஆறு தாழ்வாக, அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். குளிர்காலம் முழுக்கக் குறைவாகத் தின்ற டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் மறுபடி மேயத் தொடங்கும். ஆற்றோரத்தில் கூட்டமும் இருக்காது.

கோடையில் ஓரளவு ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த பூச்சி மாதிரி) வீசிப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீசும் முறையை இங்கே சொல்லப்போவதில்லை. வசந்தத்தின் தொடக்கத்தில் என்ன மாறுகிறது, அதற்கு நாம் எப்படி மாற வேண்டும் என்பதுதான் விஷயம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: தண்ணீரின் சூடு. தேதி, ஃப்ளை, அதிர்ஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. முதலில் எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் பருவத்தில் மூன்று வகைத் தண்ணீர் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

ஆர்கன்சா ஆறு லெட்வில் பக்கத்து மலைகளில் தொடங்கி, பியூனா விஸ்டா, சாலிடா வழியாகக் கேன்யன் சிட்டிக்கு இறங்குகிறது. அதன் வழியில் பெரிய அணை இல்லாததால் வெயில் அடித்தால் சூடாகும், இரவில் குளிரும். லெட்வில் அருகிலிருந்து பார்க்டேல் வரை 102 மைல் நீளத்தை 2014-இல் 'கோல்டு மெடல்' நீர் என்று மாநிலம் அறிவித்தது. ஒரு ஏக்கர் நீரில் குறைந்தது 60 பவுண்டு டிரவுட், அதில் 14 அங்குலத்துக்கு மேல் 12 மீன்கள் என்பது அந்தப் பட்டத்துக்கான அளவுகோல். லெட்வில் சுரங்கங்களின் உலோகக் கழிவு கலந்து ஒரு காலத்தில் மேல்பகுதியில் மீன் பிழைக்கவே திணறிய ஆறு இது. பல ஆண்டு சுத்திகரிப்பு வேலைக்குப் பிறகு கிடைத்த பட்டம் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை. இங்கே பெரும்பாலும் பிரவுன் டிரவுட், கொஞ்சம் ரெயின்போ.

சவுத் பிளாட் ஆறு வேறு கதை. 1905-இல் கட்டி முடிக்கப்பட்ட சீஸ்மன் அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் குளிர்காலத்திலும் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் இருக்கும், உறையாது. பிப்ரவரியிலேயே பூச்சி பறக்கும். ஆனால் அங்குள்ள மீன்கள் எத்தனையோ தூண்டிலைப் பார்த்துப் பழகியவை. மெல்லிய நரம்பும் (தூண்டில் இழை) மிகச் சின்ன ஃப்ளையும் இல்லாமல் போகாதீர்கள். சீஸ்மன் பள்ளத்தாக்குக்குள் கில் டிரெயில் வழியாக நடந்துதான் இறங்க வேண்டும். பிடித்த டிரவுட்டை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாவது, சவுத் பார்க் சமவெளியின் ஏரிகள்: ஸ்பின்னி மவுண்டன், லெவன் மைல், ஆன்டரோ. கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கு மேல். இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

முதல் முறை போகிறவர்கள் சாலிடாவிலிருந்து கீழ்நோக்கி நெடுஞ்சாலை 50-ஐ ஒட்டிய ஆர்கன்சாவில் தொடங்குவது நல்லது. டென்வரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், சாலையிலிருந்தே ஆற்றைப் பார்க்கலாம், தவறுகளை மன்னிக்கும் ஆறு.

2. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

லைசென்ஸ்: கொலராடோ ஆண்டு லைசென்ஸ் மார்ச் 1-இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். 16 வயது ஆனவர்களுக்குக் கட்டாயம். ஆர்கன்சாவில் சில இறங்குமிடங்களில் வண்டிக்கு மாநிலப் பூங்காச் சீட்டும் வேண்டும். ஒரே ஆற்றில் ஒரு பகுதிக்கு ஒரு விதி, அடுத்த பாலத்துக்குக் கீழே இன்னொரு விதி என்று இருக்கும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைத் திறந்து நீங்கள் போகும் பகுதியின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

இதைவிட முக்கியமானது நில உரிமை. கொலராடோவில் ஆற்றின் தண்ணீர் பொதுச்சொத்து, ஆனால் அடியிலுள்ள தரை தனியாருடையதாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீரில் கால் வைத்து நின்றாலே அத்துமீறல். வேலி கண்ணில் படவில்லை என்பதால் நடந்து போகாதீர்கள். சாலிடா, பியூனா விஸ்டா, டெக்கர்ஸ் ஊர்களின் ஃப்ளை கடைகளில் கேட்டால் எங்கே இறங்கலாம் என்று காட்டுவார்கள். நேற்று எந்த ஃப்ளை எடுபட்டது என்பதையும் சொல்வார்கள். நான்கு ஃப்ளை வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

நீர்வரத்து: நம் ஊர்ச் செய்திகளில் மேட்டூருக்கு வினாடிக்கு இத்தனை கன அடி என்று படிப்போமே, அதே அளவு இங்கேயும். ஆர்கன்சா ஆற்றின் வெல்ஸ்வில் அளவுமானியின் வரைபடம் இணையத்தில் கிடைக்கும். மார்ச்சில் வினாடிக்கு 250 முதல் 400 கன அடி வரை இருந்தால் நடந்து இறங்க வசதி. எண்ணைவிடக் கோட்டின் போக்கைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் நேராக ஓடும் கோடு நல்லது. திடீரென்று ஏறினால், தாழ்வான சரிவுகளில் பனி உருகிக் குளிர்ந்த கலங்கல் நீர் இறங்குகிறது என்று பொருள். மீன் வாயை மூடிக்கொள்ளும்.

வானிலை: இதில்தான் பெரும்பாலோர் தவறான நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பளிச்சென்ற வெயில் நாள் நமக்குச் சுகம். ஆனால் மேகம் மூடி, காற்று இல்லாமல், லேசாகப் பனித்தூறல் விழும் 7, 8 டிகிரி நாள்தான் மீனுக்குப் பிடித்தது. முந்தைய இரண்டு நாளும் மிதமாக இருந்து, இரவு ஆழ்ந்த உறைபனி விழாமல், மறுநாள் மேகம் வந்தால் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

3. உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

4 டிகிரி தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் விரல் வேலை செய்யாது. வேடர் என்னும் நீர்புகா உடையின் மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதை அதுதான் தடுக்கும். கையில் ஊன்றுகோல். முழங்காலுக்கு மேல் இறங்க இந்தப் பருவத்தில் பெரும்பாலும் தேவையே இல்லை. கரையை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் பனித்தட்டின் மேல் ஏறாதீர்கள், அடியில் வெற்றிடம் இருக்கும். காரில் ஒரு முழு மாற்றுத்துணி, துண்டு, ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது. பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் காயாது, கம்பளி நல்லது. 2,000 மீட்டருக்கு மேல் வெயில் கடுமை என்பதால் குளிரிலும் முகத்துக்குச் சன்ஸ்கிரீன், கண்ணுக்கு போலரைஸ்டு கண்ணாடி.

4. தெர்மாமீட்டரை நம்பி நேரத்தை முடிவு செய்யுங்கள்

கோடையில் விடியலில் ஆற்றுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதுதான் முதல் பெரிய மாற்றம். விடியலில் போகாதீர்கள். காலை 9 மணிக்கு ஆர்கன்சாவின் தண்ணீர் 3 டிகிரியில் இருந்தால், மதியம் 2 மணிக்கு 7-ஐத் தொடலாம். டிரவுட் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது; தண்ணீரின் சூடுதான் அதன் செரிமானம், அதன் வேகம், அதன் பசி. 4 டிகிரிக்குக் கீழே அடியில் அசையாமல் கிடக்கும், மூக்குக்கு நேரே வந்தால் மட்டும் தின்னும். 5, 6 டிகிரியில் ஓர் அடி நகர்ந்து எடுக்கும். 6, 7-ஐத் தாண்டும்போது மேஃப்ளை என்னும் சிறு ஆற்றுப்பூச்சிகள் கிளம்பத் தொடங்கும், மீன் மேலே பார்க்கும். 10-க்கு மேல் கோடை மீன் போலத் துரத்தும்.

ஒரு சின்ன ஆற்றுத் தெர்மாமீட்டர் வாங்கி, வந்ததும் ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை நனைத்துப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைப் போலவே ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் முக்கியம். 6-இலிருந்து 5-க்கு இறங்கும் தண்ணீரைவிட, 4-இலிருந்து 5-க்கு ஏறும் தண்ணீரில் அதிகம் கிடைக்கும். பொதுவாகக் காலை 10:30 முதல் மாலை 4 வரைதான் வேலை நேரம். பள்ளத்தாக்கின் நிழல் தண்ணீரில் விழுந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கிளம்பலாம்.

5. மீன் எங்கே படுத்திருக்கும்

கோடையில் நுரைக்கும் வேகமான இடங்களில் தேடினீர்கள் அல்லவா, மார்ச்சில் அங்கே ஒன்றும் இராது. நீரோட்டத்தோடு போராடும் சக்தியை மீன் செலவழிக்காது. ஆள் நடக்கும் வேகத்தில் தண்ணீர் போகிற, இடுப்பளவு முதல் நெஞ்சளவு வரை ஆழமான, அடியில் உருண்டைக் கற்கள் கிடக்கும் நீண்ட ஓட்டங்களைத் தேடுங்கள். மடுவின் வால்பகுதி, வளைவின் உட்புறம், பெரிய பாறைக்குப் பின்னாலுள்ள மெல்லிய ஓட்டம். ஒரு மீன் கிடைத்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், இந்தக் காலத்தில் அவை கூட்டமாகவே கிடக்கும்.

மதியம் சூடு ஏற ஏறச் சில மீன்கள் மடுவின் தலைப்பகுதிக்கு, சலசலக்கும் ஆழம் குறைந்த நீருக்கு நகரும். பூச்சிக் குஞ்சுகள் அங்கேதான் கல்லிலிருந்து பிடியை விடுகின்றன. எனவே காலையில் மடு, பிற்பகலில் மடுவின் வாய் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

6. தூண்டிலைக் கட்டும் முறை

9 அடி 5-வெயிட் (ஃப்ளை நரம்பின் எடை எண்) தூண்டில் கோல் போதும். 9 அடி லீடர் (ஃப்ளை நரம்பையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழை), அதன் நுனியில் 5எக்ஸ் ஃபுளூரோகார்பன் நரம்பு; எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெல்லிதாகும். சவுத் பிளாட் என்றால் 6எக்ஸ்.

இரண்டு ஃப்ளை கட்டுங்கள். மேலே கொஞ்சம் பெரியது: 8 அல்லது 10 எண் ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் (ஓர் ஆற்றுப்பூச்சியின் நீர்வாழ் குஞ்சு மாதிரி), இல்லையென்றால் மண்புழு மாதிரியாகச் செய்த ஒரு ஃப்ளை. அதன் முள் வளைவில் 40, 45 சென்டிமீட்டர் நரம்பு கட்டி, கீழே சின்னது: 20 எண் ஜீப்ரா மிட்ஜ், 18 எண் ஃபெசன்ட் டெய்ல், அல்லது ஆர்எஸ்2; மூன்றுமே சின்னப் பூச்சிக் குஞ்சு மாதிரிகள். இந்த ஆர்எஸ்2 இந்த மண்ணிலேயே பிறந்த ஃப்ளை, சவுத் பிளாட்டின் மீன்களுக்காக 1970-களில் ரிம் சங் என்பவர் உருவாக்கியது. சாம்பல் நிறத்தில் மூன்று நான்கு எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். எண் கூடக்கூட ஃப்ளை சிறிதாகும் என்பதை மறக்க வேண்டாம்.

மேல் ஃப்ளைக்கு ஒரு சாணுக்கு மேலே சின்ன ஈயக்குண்டு. தக்கையை ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் வையுங்கள். இப்போது மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை: ஈயத்தைக் கூட்டியும் குறைத்தும் சரியான எடையைக் கண்டுபிடிப்பது. நான்கைந்து தடவை ஓட விட்டால் ஒரு தடவையாவது அடிக்கல்லில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் உங்கள் ஃப்ளை மீனின் தலைக்கு ஓர் அடி மேலே போகிறது, இந்தக் குளிரில் அந்த ஓர் அடியை அது ஏறி வராது. ஃப்ளையை மாற்றும் முன் ஈயத்தை மாற்றுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நரம்பு இழுபடாமல் தக்கை தண்ணீரின் வேகத்திலேயே போக வேண்டும். வேகமான மேல்நீர் நரம்பை வளைத்து இழுக்கும்போது, கோலைத் தூக்கி நரம்பை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக எடுத்துப் போடுங்கள். குளிர்நீரில் மீன் வெடுக்கென்று இழுக்காது. தக்கை ஒரு கணம் தயங்கும், அல்லது லேசாகச் சாயும். சந்தேகம் வந்தாலே கோலைத் தூக்குங்கள்.

காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கோலின் வளையங்களில் பனி கட்டும். நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி, கரைந்ததும் விரலால் மெல்லத் துடையுங்கள். கட்டியோடு நரம்பை இழுத்தால் நுனி முறியும்.

7. பூச்சி கிளம்பும் நேரம்

முதல் மழைக்குப் பிறகு மாலையில் ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈரமும் சூடும் வெளிச்சமும் சரியாக அமைந்த அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வரும்.

மார்ச் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் முழுதும் ஆர்கன்சாவில் புளூ-விங்டு ஆலிவ் என்னும் சின்ன மேஃப்ளை வரும். உடம்பு ஆலிவ் நிறம், சிறகு சாம்பல், விரல் நகத்தைவிடச் சிறியது. பெரும்பாலும் மதியம் 1 மணி முதல் 3 வரை. மேகமூட்ட நாளில் சிறகு காய நேரமாவதால் பறக்க முடியாமல் நீண்ட தூரம் தண்ணீர் மேலேயே மிதந்து போகும். மீனுக்கு உழைக்காமல் கிடைக்கும் உணவு. வெயில் நாளில் சட்டென்று பறந்துவிடும். மோசமான வானிலையை நான் சிபாரிசு செய்ததற்கு இதுதான் காரணம்.

மீன் மூக்கை நீட்டி எடுப்பதைப் பார்த்ததும் உடனே மேல்மிதக்கும் ஃப்ளைக்கு மாறாதீர்கள். முதுகு மட்டும் தெரிந்து வாய் தெரியவில்லையென்றால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஏறிவரும் குஞ்சைத் தின்கிறது. ஈயத்தைக் கழற்றிவிட்டு ஆர்எஸ்2-வைச் சில அங்குல ஆழத்தில் ஓட விடுங்கள். வாய் திறந்து குமிழி விட்டால்தான் மேலே எடுக்கிறது. அப்போது 18 அல்லது 20 எண் பாராசூட் ஆடம்ஸ் என்னும் மிதக்கும் ஃப்ளை, 12 அடிக்கு நீட்டிய மெல்லிய லீடர், ஒரே மீனைக் குறிவைத்த வீச்சு.

பிறகு கேடிஸ் என்னும் இன்னோர் ஆற்றுப்பூச்சி. தண்ணீர் 12 டிகிரியைத் தொடும்போது முதலில் கேன்யன் சிட்டிப் பக்கம் ஏப்ரல் நடுவில் தொடங்கி, சூடு மேலேற அதுவும் ஆற்றோடு மேலேறி, ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் சாலிடாவைத் தாண்டும். அமெரிக்க அன்னையர் தினத்தையொட்டி வருவதாகப் பெயர் பெற்றது, ஆனால் பல ஆண்டுகளில் அதற்கு முன்பே வந்துவிடும்.

8. முட்டைப்படுகையை மிதிக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ரெயின்போ டிரவுட் வசந்தத்தில் முட்டையிடும். பெண் மீன் ஆழம் குறைந்த சரளைத் தரையை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிட்டு மூடும். சுற்றியுள்ள தரை பாசி படிந்து கருத்திருக்க, இந்த இடம் மட்டும் முட்டை வடிவில் கழுவியதுபோல வெளிறித் தெரியும். அதன் மேல் பெரிய மீன்கள் பட்டப்பகலில் அசையாமல் நிற்கும். அவற்றுக்குத் தூண்டில் போடுவது எளிது. தயவுசெய்து போடாதீர்கள். மீன் போன பிறகும் அங்கே கால் வைக்காதீர்கள். இந்தக் குளிரில் முட்டை பொரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பொரிந்த குஞ்சும் சில வாரம் சரளைக்குள்தான் இருக்கும். இதோடு, சென்ற இலையுதிர்காலத்தில் பிரவுன் டிரவுட் இட்ட முட்டைகளின் குஞ்சுகளும் இதே மாதங்களில்தான் சரளையை விட்டு வெளியேறுகின்றன.

1990-களில் விர்லிங் நோய் என்னும் ஒட்டுண்ணி நோய் கொலராடோவின் பல ஆறுகளில் ரெயின்போக் குஞ்சுகளைத் துடைத்தெடுத்தது. ஜெர்மனியிலிருந்து வந்த, நோய் தாங்கும் ஹோஃபர் இனத்தைக் கலந்து மாநில மீன்வளத் துறை வளர்த்து விட்ட பிறகே அவை மெல்லத் திரும்புகின்றன. ஆற்றில் தானாகப் பிறக்கும் ஒவ்வொரு ரெயின்போவுக்கும் பின்னால் அத்தனை வேலை இருக்கிறது. வெளிறிய திட்டைக் கண்டால் கரையேறிச் சுற்றிப் போங்கள், பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லுங்கள்.

9. ஏரிகள்: பனி உடையும் வாரம்

ஏரியில் ஆற்றைப் போல மாதக்கணக்கில் வாய்ப்பு கிடையாது. பனி போன முதல் இரண்டு வாரம்தான் பொன்னானது. ஸ்பின்னி மவுண்டன் பனி போன பிறகே திறக்கும், பெரும்பாலும் ஏப்ரலில். அங்கே செயற்கை ஃப்ளை, லூர் என்னும் செயற்கை இரை மட்டும்தான். 3,000 மீட்டருக்கு மேலுள்ள உயரமான ஏரிகள் ஜூன் வரை உறைந்திருக்கும், அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி கொண்டது. அதனால் பனிக்கு அடியில் மேல்நீர் உறைநிலைக்கருகிலும் அடிநீர் 4 டிகிரியிலும் இருக்கும். பனி போனதும் வெயில் மேல்நீரை 4-க்குக் கொண்டுவர, காற்று ஏரியை மேலிருந்து அடிவரை கலக்கிவிடுகிறது. உயிர்வளி எல்லா ஆழத்துக்கும் போகும். அதன் பிறகு ஆழம் குறைந்த, அடி கருத்த விரிகுடாக்கள் முதலில் சூடாகும். குளிர்காலம் முழுக்க ஆழத்தில் கிடந்த மீன் உணவு தேடிக் கரையிலிருந்து பத்து மீட்டருக்குள், ஒன்று இரண்டு மீட்டர் ஆழத்தில் உலாவும். ஆகவே முதலில் கரையிலிருந்து தள்ளி நின்றே வீசுங்கள். நேராகத் தண்ணீரில் இறங்கி நடப்பவர் மீனை விரட்டிவிட்டு வெறும் தண்ணீரில் தூண்டில் போடுகிறார்.

ஓடை வந்து சேரும் இடம், காற்று மோதும் கரை, மிச்சப் பனித்தட்டின் விளிம்பு ஆகிய மூன்றையும் தேடுங்கள். கருப்பு அல்லது ஆலிவ் நிற அட்டைப்பூச்சி மாதிரி, 10 எண் வூலி பக்கர் என்னும் மயிரடர்ந்த ஃப்ளை, 14 எண் ஸ்கட் (கூனி இறால் போன்ற சிற்றுயிர்) மாதிரி போதும். இழுப்பு மிக மெதுவாக: நான்கு அங்குலம் இழுத்து, இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மறுபடி. தக்கைக்கு அடியில் கைரோனமிட் என்னும் கொசு போன்ற பூச்சியின் குஞ்சு மாதிரியைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கவிட்டு அசைக்காமல் காத்திருப்பது இன்னொரு வழி. பொறுமைசாலிகளுக்கு இதுவே சிறந்தது.

உடையும் பனியின் மேல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். மிதவைப் படகு என்றால் உயிர்காப்புச் சட்டையைப் போட்டே இறங்குங்கள். சவுத் பார்க்கில் பிற்பகல் காற்று கரைக்குத் திரும்ப விடாத அளவுக்கு வீசும், மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

10. பிடித்த பிறகும், பருவம் முடியும்போதும்

முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்ப்பை முன்பே குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனை வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் மீனைப் படத்துக்காகக்கூடத் தூக்க வேண்டாம், செவுள் சில நொடிகளில் உறைந்து சேதப்படும்.

மே நடுவில் வெல்ஸ்வில் வரைபடம் தினமும் ஒரு படி ஏறத் தொடங்கும், தண்ணீர் பழுப்பாகும். அன்றோடு ஆர்கன்சாவை விட்டு சீஸ்மனுக்கோ ஏரிக்கோ மாறுங்கள். மாறும் முன் பூட்ஸையும் வேடரையும் தேய்த்துக் கழுவி முழுக்கக் காய வையுங்கள். விர்லிங் நோயின் வித்துகளும், சவுத் பிளாட்டின் சில பகுதிகளிலுள்ள நியூசிலாந்து சேற்றுநத்தையும் ஈரமான பூட்ஸில்தான் ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்கின்றன. வாரக்கடைசி இரண்டு நாளும் இரண்டு ஆற்றுக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொள்வது நல்லது.